கோழி வளர்ப்போரும் அண்டை வீட்டாரும்

பார்வைக்கு இது அற்ப விஷயம். தாராவியிலோ, சயான் கோளிவாடாவிலோ, மலாடு மால்வணியிலோ ஒரு வீட்டு வாசலில் நாலு கோழிகள் மேய்கின்றன. அடுத்த வீட்டுக்காரர் இரவு ஷிப்டு முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்கிறார். சேவல் கூவுகிறது. முதல் நாள் முணுமுணுப்போடு போகிறது. மறு வாரம் வாய்ச்சண்டை. அடுத்த மாதம் வார்டு ஆபீசில் மனு, போலீஸ் சௌக்கியில் பிராது, இரு தரப்பிலும் நாலு பேர் சேர்ந்துகொண்டு தள்ளுமுள்ளு. கடைசியில் கோழியும் போய், பத்து வருடப் பழக்கமும் போய்விடுகிறது. சுவருக்குச் சுவர் ஒட்டி வாழும் மக்களுக்கு இந்த இரண்டாவது நஷ்டம்தான் பெரிது. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஊரிலிருக்கும் அண்ணன் தம்பி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை.

மும்பை போன்ற பெருநகரில் கோழி எதற்கு என்று கேட்பது எளிது. மாடிக் கட்டடங்களில் இருப்பவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்குப் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழி அடைப்பது, மூன்று தலைமுறை ஆன பிறகும் கை மறக்காத பழக்கம். அது வெறும் பழக்கமும் அல்ல. மிஞ்சிய சோற்றையும் நொய்யரிசியையும் தின்று முட்டையிடும் பெட்டைக்கோழி, கூலி வேலை இல்லாத நாளில் பிள்ளைகளின் தட்டில் ஏதாவது விழும்படி செய்கிறது. 'காவ்டி' முட்டை என்று சொன்னால் மராட்டியக் குடும்பங்களும் கடை முட்டையைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு, வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போக முடியாத ஒரு தாய்க்கு, இது கைச்செலவுக்கான வழி. இவை தவிர, அம்மன் கொடைக்கென்று நேர்ந்து விட்ட சேவலும் சில வீடுகளில் உண்டு. அதை 'அப்புறப்படுத்து' என்று யாராவது சொன்னால் விவகாரம் தெய்வத்தின் பெயரில் திரும்பிவிடுகிறது.

ஆனால் ஆட்சேபம் செய்கிறவர்களை எல்லாம் பொறாமைக்காரர்கள் என்று தள்ளிவிடுவது நியாயம் ஆகாது. பத்தடி அகலச் சந்தில் கோழி எச்சம் இரண்டு நாள் கிடந்தால் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. ஈ மொய்க்கிறது. இறைத்த தீனியைத் தேடி எலி வருகிறது. மும்பையில் எலி என்பது சாதாரண விஷயம் அல்ல. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதை 2005 ஜூலைப் பெருவெள்ளத்துக்குப் பிறகு இந்த நகரம் நன்றாகவே அறிந்துகொண்டது. இரவு நேரத்தில் எலி பிடிக்கவென்றே மாநகராட்சி ஆட்கள் வைத்திருக்கும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் தீனியை வாசலில் கொட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறவர், தம் கோழிக்கு மட்டும் தீனி போடவில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது தகராறில் இறங்கும் இரு தரப்புக்குமே பெரும்பாலும் தெரிவதில்லை. "கோழி வளர்ப்பது சட்ட விரோதம்" என்று ஒருவர் மிரட்டுகிறார்; "என் வீட்டு வாசல், என் இஷ்டம்" என்று மற்றவர் எதிர்க்கிறார். இரண்டும் தவறு. இன்றும் அமலில் உள்ள 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்தில் 384ஆம் பிரிவு விலங்குகள் வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறது. பன்றி வளர்க்கக் கமிஷனரின் அனுமதி வேண்டும் என்று அது பெயர் சொல்லிக் கட்டளையிடுகிறது. கோழிக்கு அப்படித் தனிக் கட்டளை அதில் இல்லை. எந்த விலங்கையும் பிறருக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ இருக்கும்படி தம் இடத்தில் வளர்க்கக் கூடாது என்ற பொது விதிக்குள்தான் கோழியும் அடங்குகிறது. ஆகவே கோழி குற்றமல்ல, தொல்லைதான் குற்றம்.

கேட்பதற்கு இது நியாயமாகவே இருக்கிறது. சிக்கல் நடைமுறையில் வருகிறது. எது தொல்லை? நாலு கோழியா, பதினாலு கோழியா? வாசலிலா, மாடியிலா? வாரம் ஒரு முறை கழுவினால் போதுமா, தினமும் கழுவ வேண்டுமா? இதற்கெல்லாம் எண்ணும் அளவும் அந்தப் பிரிவில் கிடையாது. எனவே தீர்ப்பு, புகார் செய்பவரின் குரலையும் அதைக் கேட்கும் அதிகாரியின் மனப்போக்கையும் பொறுத்து அமைகிறது. வார்டு ஆபீசில் ஆள் தெரிந்தவருடைய முப்பது கோழி தொல்லை ஆவதில்லை. மராட்டியில் மனு எழுதத் தெரியாத கிழவியின் இரண்டு கோழி தொல்லை ஆகிவிடுகிறது. விதி தெளிவில்லாத இடத்தில் நஷ்டம் எப்போதும் எளியவனுக்குத்தான்.

இந்தத் தகராறு மும்பைக்கு மட்டும் உரியது அல்ல. 2019இல் புணே சோம்வார் பேட்டையில் ஒரு பெண்மணி, அதிகாலையில் கூவி எழுப்புகிறது என்று சேவலின் மேல் போலீசில் புகார் கொடுத்தார். பத்திரிகைகள் அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. அதே ஆண்டில் பிரான்சில் ஒரு தீவில் வசித்த 'மொரிஸ்' என்ற சேவலின் வழக்கு நீதிமன்றம் ஏறியது. விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்கள் அதன் கூவலைப் பொறுக்க முடியவில்லை என்றார்கள். சேவல் ஜெயித்தது. அதன் பிறகு 2021இல் அந்த நாட்டுப் பார்லிமெண்டு, கிராமப்புறத்தின் ஒலிகளும் வாசனைகளும் அந்தந்த இடத்தின் சொத்து என்று சட்டமே செய்தது. மொரிஸின் வெற்றியைக் காட்டி இங்கே யாரும் வாதாட வேண்டாம். அந்தச் சட்டம் கிராமத்துக்கு; தாராவிக்கு அல்ல.

இங்குள்ளோருக்குப் பயன்படும் முன்மாதிரி கேரளத்தில் கிடைக்கிறது. 2025 பிப்ரவரியில் அடூரில், பக்கத்து வீட்டு மாடியில் வளரும் சேவல் விடியற்காலை மூன்று மணிக்கே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு முதியவர் கோட்ட வருவாய் அதிகாரியிடம் மனுக் கொடுத்தார். அதிகாரி இரு தரப்பையும் விசாரித்தார். இடத்தையும் பார்வையிட ஏற்பாடு செய்தார். பிறகு, கூண்டை மாடியிலிருந்து எடுத்து, அதே வீட்டு வளவின் தெற்குப் பக்கத்துக்கு 14 நாட்களுக்குள் மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டார். கோழியும் பறிமுதலாகவில்லை, முதியவரின் தூக்கமும் அலட்சியப்படுத்தப்படவில்லை. வார்டு ஆபீசர்கள் இந்த உத்தரவைத் தேடிப் படிப்பது நல்லது.

ஆயினும் கேரளத்தில் வீட்டைச் சுற்றி வளவு உண்டு. மும்பைக் குடிசைப் பகுதியில் தெற்குப் பக்கம் என்பது அடுத்தவன் சமையலறை. இங்கே சேவலை எங்கே மாற்றினாலும் யாராவது ஒருவரின் காதுக்கருகில்தான் மாற்ற வேண்டும். அதனால் சேவல் விஷயத்தில் தமிழர்கள் தாமாகவே ஒரு முடிவுக்கு வருவது விரும்பத்தக்கது. பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு: பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாவிட்டால் அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். சாப்பிடுகிற முட்டைக்கு அதனால் சத்தும் ருசியும் குறைவதில்லை. குஞ்சு வேண்டுமானால் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். சேவல் கூண்டின் மேல் சாக்கைப் போட்டு மூடினால் கூவாது என்று சிலர் நம்புகிறார்கள். அது வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் கூவுவது அல்ல. உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருந்து விடியலுக்கு முன்பே அதைக் கூவச் செய்கிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013இல் சோதித்துக் காட்டினர். சாக்கு அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் வீட்டில் பெட்டைக்கோழி வளர்க்க அனுமதி உண்டு, சேவலுக்குத் தடை. சியாட்டில் நகரில் எட்டுக் கோழி வரை வளர்க்கலாம் என்று எண்ணிக்கையே வகுத்திருக்கிறார்கள். அங்கும் சேவல் கூடாது. பெரிய நகரங்கள் கோழியை ஒழிக்கவும் இல்லை, கட்டுக்கடங்காமல் விடவும் இல்லை. அண்டை வீட்டார் பொறுக்க முடியாதது எது என்று பார்த்து, அதை மட்டும் விலக்கியிருக்கின்றன.

இந்திய சர்க்காரின் போக்கோ இரண்டுபட்டு நிற்கிறது. கிராமத்தில் ஏழைப் பெண்கள் புறக்கடைக் கோழி வளர்க்கட்டும் என்று குஞ்சுகளும் மானியமும் கொடுக்கும் திட்டங்கள் உள்ளன. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் கோழியினப் பறவைகள் சுமார் 85 கோடி. அவற்றில் ஏறத்தாழ 31 கோடியே 70 லட்சம் வீட்டுப் புறக்கடையில் வளர்பவை. 2012 கணக்கோடு ஒப்பிட்டால் பண்ணைக் கோழிகள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகவே பெருகியிருக்க, புறக்கடைக் கோழிகள் 46 சதவீதம் பெருகியிருந்தன. கிராமத்தில் வறுமை ஒழிப்பு என்று பாராட்டப்படும் அதே பெட்டைக்கோழி, அந்தக் கிராமத்துப் பெண் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்ததும் சுகாதாரக் கேடு என்று பெயர் வாங்குகிறது. அவளும் ஏழைதான், கோழியும் அதே கோழிதான்.

இந்த இரண்டுங்கெட்டான் நிலைமையில் உண்மையான ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் இதே மகாராஷ்டிரத்தின் நந்தூர்பார் மாவட்டம் நவாபூரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் மும்பையில் செத்து விழுந்த காக்கைகளில் அந்த நோய் இருப்பது உறுதியாயிற்று. 2022 பிப்ரவரியில் தாணே மாவட்டத்து ஷாஹாபூரில் பண்ணைக் கோழிகள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. 2025 ஜனவரியில் கடலுக்கு அக்கரையில், உரண் வட்டத்துச் சிர்னேர் கிராமத்தில், நோய் மறுபடி தலைகாட்டியது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை, பண்ணைக் கோழி வீட்டுக் கோழி என்ற பேதமில்லாமல், அழித்துவிடுவதே வழக்கமான நடைமுறை. அழிக்கப்படும் கோழிக்கு நஷ்ட ஈடு உண்டு. அதற்கு முன்பே நோயில் செத்த கோழிக்குக் கிடையாது.

இப்போது யோசித்துப் பார்க்கட்டும். கோழி வளர்ப்பதே குற்றம் என்று பயமுறுத்தப்பட்ட ஒருவர், ஒரே நாளில் நாலு கோழி தலை தொங்கிச் செத்தால் யாரிடம் போய்ச் சொல்வார்? சொல்லமாட்டார். இரவோடு இரவாகச் சாக்கில் கட்டி நாலாவில் எறிவார். மிஞ்சியிருக்கும் கோழியை அவசரமாக அறுத்துச் சமைப்பார், அல்லது கிடைத்த விலைக்கு விற்பார். நெருக்கடி மிகுந்த ஒரு குடியிருப்பில் இதைவிட மோசமான செயல் வேறு இல்லை. ஒளித்து வளர்க்கும் கோழியைக் காட்டிலும் கணக்கில் உள்ள கோழி ஊருக்குப் பாதுகாப்பு. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல், வீட்டில் ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதித்திருப்பதற்கு இதுதான் காரணம். நோய் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று அங்குள்ள அதிகாரிக்குத் தெரியும்.

மாநகராட்சி செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் விதி ஒன்றை எழுதி, ஒவ்வொரு வார்டு ஆபீசிலும் மராட்டியிலும் இந்தியிலும் தமிழிலும் ஒட்டிவைத்தால் போதும். வீட்டுக்கு ஐந்தோ ஆறோ பெட்டைக்கோழிகள், சேவல் இல்லை, இரவில் கூண்டில் அடைப்பு, தினம் ஒரு முறை கழுவல், தீனி மூடிய டப்பாவில், குடிதண்ணீர்க் குழாய்க்கும் அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் இத்தனை அடி தள்ளிக் கூண்டு. இவ்வளவுதான். பதிவுக்குக் கட்டணம் வைக்கக் கூடாது. வைத்தால் யாரும் பதிய வரமாட்டார்கள். புகார் வந்தால் எடுத்த எடுப்பில் கோழியைத் தூக்கிக்கொண்டு போகாமல், அடூரில் செய்தது போல இடத்தைப் பார்த்து, எழுத்து மூலம் அவகாசம் கொடுக்க வேண்டும். அவகாசம் முடிந்தும் திருந்தாதவரிடம் கண்டிப்புக் காட்டினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. முப்பது நாற்பது கோழி வளர்த்து வியாபாரம் செய்பவருக்கும், சண்டைக்கென்று சேவல் பழக்குகிறவருக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. சேவல் சண்டை மிருகவதைத் தடைச் சட்டப்படி ஏற்கனவே குற்றம்.

புகார் செய்பவர்களும் ஓர் எல்லைக்குள் நிற்க வேண்டும். ஆத்திரத்தில் தீனியில் விஷம் கலந்து வைப்பது, கோழியின் காலை ஒடிப்பது போன்ற காரியங்களும் நடக்கின்றன. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதையில் பொதுத் தொல்லைக்கு 292ஆம் பிரிவின்படி தண்டனை 1,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தவரின் விலங்கை விஷம் வைத்துக் கொல்வதற்கோ முடமாக்குவதற்கோ 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. தொல்லை கொடுத்தவர் அபராதத்தோடு தப்ப, தொல்லைக்கு ஆளானவர் ஜெயிலுக்குப் போகும்படி ஆகிவிடும். முறையான வழி இருக்கிறது. வார்டு ஆபீசில் பலன் இல்லாவிட்டால், தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரம் நிர்வாக மாஜிஸ்டிரேட்டுக்கு உண்டு. முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது, இப்போது புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாகியிருக்கிறது.

இதையெல்லாம்விட முக்கியம், கோழிச் சண்டையை மொழிச் சண்டையாக விடாமல் இருப்பது. கோழிக்காரர் தமிழர், புகார்க்காரர் மராட்டியர் அல்லது உத்தரப் பிரதேசக்காரர் என்று அமைந்துவிட்டால், மூன்றாம் மனிதர்கள் புகுந்து "உங்கள் ஆட்கள்", "எங்கள் ஆட்கள்" என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். 1960களின் பிற்பாதியில் இந்த நகரத்தில் தென்னிந்தியர்கள் பட்ட பாடு மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. எச்சத்தைக் கழுவாததற்குக் காரணம் சோம்பல். அதற்குத் தமிழ் மானத்தைக் கேடயமாகப் பிடிப்பது வெட்கக்கேடு. அண்டை வீட்டு அம்மாளை "மாவ்ஷி" என்று அழைத்து வாரம் இரண்டு முட்டை கையில் கொடுத்து வந்த வீடுகளிலிருந்து வார்டு ஆபீசுக்கு மனு போனதாகக் கேள்விப்படுவது அரிது. தமிழ்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் மேடை போட்டுப் பேசும் நேரத்தில் கொஞ்சத்தை இப்படிப்பட்ட சமரசங்களுக்கு ஒதுக்கலாம். கொடைக்கு நேர்ந்து விட்ட சேவல்களை, வீடுகளில் விடாமல் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளும்படி பக்தர்களுக்குச் சொல்லக் கூடியவர்களும் கமிட்டியார்தான்.

தாராவிப் புனரமைப்பு நடந்து குடும்பங்கள் மாடி வீடுகளுக்குப் போகும் போது இந்தப் பிரச்னை தானாகத் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். தகுதி பெற்றவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்பது திட்டம். அந்த 350 அடிக்குள்ளே கோழிக்கு இடமில்லை. சொசைட்டி விதியும் பிற உறுப்பினருக்குத் தொல்லை தரும் எதையும் அனுமதிக்காது. வாசலும் சந்தும் இருந்த வரையில் முட்டை விற்றும், வடாம் காயவைத்தும், அப்பளம் இட்டும் கைச்செலவு பார்த்த பெண்களுக்குப் பத்தாவது மாடியில் என்ன வழி என்பதைத் திட்டம் தீட்டுகிறவர்கள் இப்போதே சொல்ல வேண்டும். கட்டட வளாகத்தின் ஒரு மூலையில் பொதுக் கோழிக்கூடம் அமைத்து, மகளிர் குழு ஒன்றின் பொறுப்பில் விடுவது செய்ய முடியாத காரியம் அல்ல. வரைபடத்தில் இடம் விடுவது கட்டடம் எழும்புவதற்கு முன்புதான் சாத்தியம்.

உடனடியாகச் செய்யக் கூடிய காரியம் ஒன்று உண்டு. வீட்டுக் கோழிகளைக் கூண்டோடு கொண்டுபோகும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. ஆனால் மருந்துப் புட்டி சிறியதே நூறு கோழிக்கானது. கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நாலு கோழி வைத்திருப்பவர் அதைத் தனியாக வாங்க முடியாது. இருபது முப்பது வீட்டார் சேர்ந்தால் முடியும். பரேலில் 1886 முதல் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாணவர்களைக் கொண்டு, மழைக்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு குடியிருப்பிலும் முகாம் நடத்த மாநகராட்சி ஏற்பாடு செய்யலாம். கோழியை எடுத்துக்கொண்டு வருகிறவர்களின் பெயரையும் வீட்டு எண்ணையும் அங்கேயே எழுதிக்கொண்டால், பதிவேடும் அன்றைக்கே தயாராகிவிடும்.